சைக்கிளைப் பாத்துக்கறேன்னு நாமளே கெடுத்து வைக்கிற இடங்கள்

எட்டாவது படிக்கிறப்போ ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சைக்கிளக் கழுவித் தொடச்சு, சக்கரத்துல இருக்குற போக்ஸ் கம்பி ஒண்ணொண்ணுக்கும் தேங்கா எண்ணெ தொட்டு பளபளன்னு ஆக்கினேன், அதோட விட்டிருந்தா பரவால்ல, ரிம்முக்கும் ஒரு சுத்து தடவிட்டேன். மறுநாள் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பார்ல வாழக்கன்னு, எல்லாம் அமர்க்களமா முடிஞ்சுது. விஜயதசமி அன்னிக்கு காலைல ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்குறேன், பிரேக்க அமுக்கினா லிவர் முழுசா கைக்குள்ள வருது, வண்டி பாட்டுக்கு போய்ட்டே இருக்கு. கீழ பூக்காரம்மா வெச்சிருந்த தண்ணி டிரம்ல மோதித்தான் நின்னுச்சு. அந்தம்மா திட்டினது இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் எத்தனையோ பேரோட சைக்கிளப் பாத்துட்டேன், கவனிக்காம மூலைல போட்டு கெட்டுப்போனத விட, ஆசையா உக்காந்து ஏதோ பண்ணி கெடுத்ததுதான் அதிகம். அதுல பாதி எண்ணெய தப்பான எடத்துல விட்டது, மீதி ஸ்பானர தப்பான பக்கம் திருப்பினது.

எண்ணெலேர்ந்தே ஆரம்பிப்போம். செயினுக்கு தேங்கா எண்ணெ, சமையல் எண்ணெ விடாதீங்க. முதல் ரெண்டு நாள் சத்தமில்லாம நல்லாத்தான் ஓடும், அப்புறம் காத்து பட்டு பட்டு பிசினாட்டம் ஆயிடும், அதுல ரோட்டு மண்ணு ஒட்டி செயினே உப்புத்தாள் மாதிரி பல்ச்சக்கரத்த தேய்க்க ஆரம்பிச்சுடும். தேங்கா எண்ணெ மார்கழிக் குளிர்ல உறைஞ்சு வேற நிக்கும். சில பேர் கிரீஸ அப்படியே செயின் மேல அப்பி விடுவாங்க, அது இன்னும் மோசம், ஏன்னா செயினுக்கு எண்ணெ வேண்டியது வெளில இல்ல, உள்ள இருக்குற குட்டி உருளைக்கும் பின்னுக்கும் நடுவுல. கட்டி கிரீஸ் அந்த சந்துக்குள்ள போகவே போகாது, வெளில நின்னு மண்ணு மட்டும் சேத்துக்கிட்டு இருக்கும்.

அடுத்து டபிள்யூடி 40. நீல டப்பா, சிவப்பு மூடி, வீட்டுக்கு வீடு இருக்கு. அந்தப் பேருக்கு அர்த்தமே தண்ணிய விரட்டுறதுக்கான நாப்பதாவது முயற்சின்னுதான், 1953ல அமெரிக்காவுல துரு புடிக்காம இருக்கறதுக்காக உண்டாக்கினது. துருப்புடிச்ச நட்ட கழட்டவும், செயின்ல இருக்குற அழுக்க ஊற வெச்சு தொடைக்கவும் அருமையான சாமான். ஆனா அத அடிச்சதோட செயினுக்கு எண்ணெ விட்டாச்சுன்னு நெனச்சுட்டு கெளம்புறதுதான் தப்பு. ரொம்ப மெல்லிசு, உள்ள இருந்த பழைய எண்ணெயையும் கரைச்சுட்டு தானும் சீக்கிரம் காணாமப் போயிடும், ஒரு வாரத்துல கிரீச் கிரீச்சுன்னு கத்தும். அடிச்சு தொடைச்சு நல்லா காயவிட்டு அதுக்கு மேல சரியான செயின் ஆயில் விடுங்க. கடைல சைக்கிள் செயின் லூப்னு கேட்டா குடுப்பாங்க, கெடைக்கலன்னா தையல் மெஷின் ஆயில் கூட ஓகே, என்ன, அடிக்கடி விடணும்.

விடுற விதம் இருக்கே, அதுலதான் எல்லாரும் சொதப்புறாங்க. பெடல பின்பக்கமா சுத்திக்கிட்டே மேல தாரையா ஊத்தக்கூடாது. செயின்ல பூட்டு மாதிரி ஒரு கண்ணி இருக்கும், இல்லன்னா சாக்பீஸால ஒரு கண்ணிக்கு குறி போட்டுக்கோங்க, அங்கேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு, செயினோட கீழ்ப்பக்க வரிசைல, உள்பக்கமா பாத்து. நூத்திச்சொச்சம் சொட்டு, அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் கொஞ்ச நேரம் பெடல சுத்தி ஊறவிட்டு, பழைய பனியன் துணியால செயின புடிச்சுக்கிட்டு சுத்தி வெளில இருக்குற எண்ணெய எல்லாம் தொடச்சு எடுத்துடணும். கைல தொட்டா லேசா ஈரம் மாதிரி தெரிஞ்சா போதும், சொட்டக்கூடாது. இந்த தொடைக்கிற வேலைய யாரும் பண்றதில்ல, பேன்ட்டுல கருப்பு கறை படியறதுக்கும் அதான் காரணம்.

தண்ணிக்கு வருவோம். பைக் வாட்டர் வாஷ் பண்ற கடைல, அண்ணே இதையும் ஒரு அடி அடிச்சுடுங்கன்னு சைக்கிள நிறுத்துறவங்கள பாத்திருக்கேன். அந்த பிரஷர் தண்ணி வீல் நடுவுல அச்சத் தாங்குற கோன், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கப்புன்னு எல்லா சந்துலயும் பூந்து உள்ள இருக்குற கிரீஸ வெளியேத்திடும். வெளில பாத்தா சைக்கிள் புதுசு, உள்ள பால்ரஸ் குண்டு துருப்புடிச்சுக்கிட்டு இருக்கும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு கரகரன்னு சத்தம் வர்றப்போ எதனாலன்னு யோசிச்சாலும் ஞாபகம் வராது. ஒரு வாளி தண்ணி, கொஞ்சம் ஷாம்பு, ரெண்டு துணி, பழைய டூத் பிரஷ் ஒண்ணு, இவ்ளோதான் தேவை. கழுவினதும் வெயில்ல காயட்டும்னு அப்படியே விடாம செயின உடனே தொடச்சு எண்ணெ விட்டுடுங்க, கடலோரத்துல இருக்குறவங்க இத கண்டிப்பா பண்ணணும், உப்புக்காத்துல ஈர செயின் ஒரே ராத்திரில செவந்து போயிடும். அப்புறம் டயருக்கு பாலிஷ் போடுறவங்க இருக்காங்க, ரோட்ட புடிக்கிற ரப்பர்ல வழுவழு சாமான தடவினா திருப்பத்துல வழுக்காம என்ன பண்ணும்.

இப்போ பிரேக். ரிம், பிரேக் கட்டை, டிஸ்க், இந்த மூணுக்கும் எண்ணெ ஜென்மப் பகை. டிஸ்க் பிரேக் வண்டில கீங்ங்னு சத்தம் வந்தா ஸ்பிரேய அங்க அடிக்கிறவங்க நிஜமாவே இருக்காங்க, சத்தம் நின்னுடும், கூடவே பிரேக்கும். டிஸ்க் தகட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹால் வெச்சு தொடச்சு காப்பாத்திடலாம், ஆனா அந்தத் தகட்ட புடிக்கிற பேட் எண்ணெய உறிஞ்சிட்டா பெரும்பாலும் மாத்தித்தான் ஆகணும். அதனால செயினுக்கு ஸ்பிரே அடிக்கறப்போ டிஸ்க் மேல துணியோ பாலித்தீன் கவரோ போட்டு மூடிக்கோங்க. விரலால கூட தொடாதீங்க, கைல இருக்குற எண்ணெப் பிசுக்கு ஒரு காரணம், ஓட்டிட்டு வந்த உடனே சுடும்ங்கறது இன்னொரு காரணம். கேபிளுக்கு பதிலா எண்ணெ அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வண்டின்னா வீல கழட்டி வெச்சிருக்கும்போது லிவர அமுக்கிப் பாக்காதீங்க, பேட் ரெண்டும் ஒட்டிக்கும், வீல திரும்ப மாட்டவே முடியாது. பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயில ஷிமானோ கம்பெனி ஹைட்ராலிக் பிரேக்ல ஊத்தினா உள்ள இருக்குற சீல் கெட்டுப்போகும், அது மினரல் ஆயில்ல ஓடுறது.

சாதா பிரேக் கட்டைல பாக்க வேண்டியது அது எங்க போய் உக்காருதுங்கறத. ரிம் மேலயே முழுசா படணும். கொஞ்சம் மேல ஏறி டயர உரசினா டயரோட பக்கவாட்டு ரப்பர தின்னுட்டே வரும், ஒரு நாள் நடுரோட்டுல டப்புன்னு வெடிக்கும். கீழ எறங்கியிருந்தா போக்ஸ் கம்பில மாட்டுறதுக்கு வாய்ப்பு இருக்கு. கட்டைக்கும் ரிம்முக்கும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி, லிவர நல்லா அமுக்கினாலும் ஹேண்டில்பார முட்டக்கூடாது. கட்டைல இரும்புத்துகள், கண்ணாடித்தூள் குத்தியிருந்தா ஊசியால நோண்டி எடுத்துடுங்க, இல்லன்னா ரிம்ம கீறிக்கிட்டே இருக்கும்.

முன் பிரேக் புடிச்சா தலைகுப்புற விழுந்துடுவோம்னு பயந்து அத கழட்டியே விட்டுடற வழக்கம் ஒண்ணு இருக்கு, முக்கியமா பசங்க சைக்கிள்ல. வண்டிய நிறுத்துற சக்தில பெரும்பங்கு முன் பிரேக்குதான், ஏன்னா பிரேக் புடிக்கிறப்போ மொத்த எடையும் முன்னாடிதான் சாயும், பின் வீல் லேசாகி சறுக்கத்தான் செய்யும். கழட்டாதீங்க, உடம்ப கொஞ்சம் பின்னாடி தள்ளி, ரெண்டையும் சேத்து அமுக்க பசங்களுக்கு மைதானத்துல வெச்சு பழக்குங்க.

ஆன்லைன்ல வாங்கினவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். பொட்டில முக்கால்வாசி மாட்டி வரும், மிச்சத்த நாமளே மாட்டிக்கணும், அதுல முன் போர்க்க, அதாவது முன் வீல ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குற கவட்டைய, பின்பக்கமா திருப்பி வெச்சு மாட்டின சைக்கிள எங்க தெருவுலயே ரெண்டு பாத்துட்டேன். போர்க்கோட வளைவு முன்னாடி பாத்து இருக்கணும், முன் பிரேக் கட்டை இருக்குற சாதா வண்டின்னா அதுவும் முன்னாடி தெரியணும், டிஸ்க் வண்டின்னா முன் டிஸ்க் உக்காந்து ஓட்டுறவரோட இடது பக்கம் வரணும். திருப்பி மாட்டினா வண்டி ஓடும், ஆனா கைக்கு அடங்காது, கால் பெருவிரல் முன் வீல்ல இடிக்கும்.

அதே மாதிரி பெடல். இடது பெடலுக்கு மரை தலைகீழ், ரிவர்ஸ் த்ரெட், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தினாத்தான் இறுகும். இது தெரியாம வலது பக்கம் மாதிரியே முறுக்கி, போகல போகலன்னு ஸ்பானர் மேல ஏறி நின்னு அமுக்கி, பெடல் மாட்டுற அலுமினியக் கை, அதாவது கிராங்க், அதோட மரையையே வழிச்சு எடுத்தவங்க இருக்காங்க, அப்புறம் கிராங்கே மாத்தணும். பெடல் அச்சு முனைல ஆங்கிலத்துல எல், ஆர்னு போட்டிருக்கும், பாருங்க. கழட்டுறதுக்கு எனக்கு ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்த வழி: ஸ்பானர மேல் பாத்து மாட்டிட்டு பின் வீல் இருக்குற பக்கமா இழு, எந்தப் பெடலா இருந்தாலும் கழலும். மாட்டும்போது முதல் நாலஞ்சு சுத்து விரலாலயே போகணும், ஸ்பானர் கேக்குதுன்னா மரை ஏறுமாறா உக்காந்திருக்குன்னு அர்த்தம், கழட்டிட்டு திரும்ப ஆரம்பிங்க. மரைல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, இங்க கிரீஸ் நல்லது.

சீட் பைப்புக்கும் அப்படித்தான், உள்ள போற பகுதில கிரீஸ் தடவலன்னா நாலஞ்சு வருஷத்துல ஃப்ரேமோட துருப்புடிச்சு ஒட்டிக்கும். உயரம் வைக்கிறப்போ ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, உக்காந்தா ரெண்டு காலும் தரைல முழுசா படணும்னு ரொம்ப தாழ்த்தி வைக்கிறது, அதுல தினமும் ஓட்டினா முட்டி வலிக்கும். குதிகால பெடல்ல வெச்சு பெடல் அடில இருக்கும்போது கால் நேரா நீண்டா அதுதான் சுமாரான சரி உயரம். இன்னொண்ணு, புள்ள வளந்துடுச்சுன்னு பைப்ப இழுத்துக்கிட்டே போறது. பைப்ல கோடு கோடா ஒரு எல்லைக்குறி இருக்கும், அது வெளில தெரியவே கூடாது. பழைய மாடல் ஹேண்டில்பார் தண்டுலயும் அதே குறி உண்டு, அங்க தாண்டினா இன்னும் ஆபத்து, ஓட்டிட்டு இருக்கும்போது ஹேண்டில்பார் மட்டும் கையோட வந்துடும்.

காத்து. கட்டைவிரலால அமுக்கிப் பாத்து சொல்றதெல்லாம் சும்மா. எவ்ளோ பிஎஸ்ஐன்னு, அதாவது காத்தோட அழுத்த அளவு, டயர் பக்கவாட்டுலயே அச்சடிச்சிருக்கும், அதுக்குள்ள வெச்சுக்கோங்க. கம்மியா வெச்சு ஓட்டினா பள்ளத்துல எறங்குறப்போ ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், முள்ளே குத்தாத பஞ்சர். பெட்ரோல் பங்க் மெஷின்ல அடிக்கறதா இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, சைக்கிள் ட்யூப்ல எடம் கம்மி, கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள எகிறிடும். வீட்டுல கைப்பம்ப் இருந்தா நிம்மதி.

பஞ்சர் நாமளே ஒட்டுறப்போ ட்யூப ஒட்டிட்டு டயர பாக்காம விடுறதுதான் தப்பு. டயருக்குள்ள துணிய விட்டு ஒரு சுத்து தடவிப் பாருங்க, நம்ம ஊர் கருவேல முள்ளு முனை மட்டும் ஒடிஞ்சு உள்ளயே இருக்கும், துணில மாட்டும், அத எடுக்கலன்னா சாயங்காலம் அதே எடத்துல திரும்ப இறங்கிடும். சொல்யூஷன், அதான் பஞ்சர் பசை, தடவின உடனே ஒட்டாதீங்க, மினுமினுப்பு போற வரைக்கும் காயட்டும்.

கியர் வண்டில செயின் சரியா விழலன்னா பின்னாடி இருக்குற எச், எல் ஸ்க்ரூவ திருகறத விடுங்க. அது ரெண்டும் செயின் இந்தக் கோடி அந்தக் கோடி தாண்டாம இருக்க வெச்ச வேலி மட்டும்தான். அத தப்பா தளர்த்தினா செயின் பெரிய பல்ல தாண்டி போக்ஸ் கம்பிக்குள்ள விழுந்து வீலே பூட்டிக்கும். பெரும்பாலும் பிரச்சனை கேபிள் தளர்ந்ததுதான், கேபிள் முடியுற எடத்துல இருக்குற குமிழ கால் சுத்து கால் சுத்தா திருப்பி ஒவ்வொரு தடவையும் கியர் மாத்திப் பாருங்க. அதுக்கும் சரியாகலன்னா செயின அளந்து பாக்கணும், புது செயின்ல பின்னுக்குப் பின் 24 கண்ணி சரியா 12 இஞ்ச் வரும், எட்டுல ஒரு பங்கு இஞ்ச் நீண்டிருந்தா அது தேஞ்சு போச்சு, பல்ச்சக்கரத்தையும் சேத்து கெடுத்துக்கிட்டு இருக்கு.

வளைஞ்சு ஆடுற வீல நேராக்குற கோட்டம் எடுக்குறத கடைலயே விட்டுடுங்க, போக்ஸ் கம்பிய ஒண்ணு முறுக்கினா எதிர்ல ஒண்ணு தளரணும், அது கைப்பழக்கம். ஃப்ரீவீலும், அதான் பெடல நிறுத்தினாலும் வீல சுத்த விடுற பின்பக்க பல்ச்சக்கரம், அப்படித்தான், வெளிலேர்ந்து ரெண்டு சொட்டு எண்ணெ விட்டு சுத்தினா போதும், தொறக்காதீங்க. அதோட மூடி மரையும் தலைகீழ்தான், எப்படியோ கண்டுபுடிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டமாடில உக்காந்து தொறந்தேன், கடுகு மாதிரி குண்டு சரசரன்னு கொட்டி மழைத்தண்ணி போற குழா வழியா பாதி கீழ போயிடுச்சு. மிச்சத்த தீபாவளிக்கு மாடி பெருக்குறப்போ எங்கம்மா ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு வந்து, இது எதுக்குடா ஆகும்னு கேட்டாங்க.