"இன்னொரு தடவை செய், கண்ணா!": குழந்தையோடு கழியும் சின்னப் பொழுதுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் குழந்தையை வளர்க்கும் பெற்றோரைக் கவனித்தால், நாமெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. கத்தாதீர்கள், டிவியை அணையுங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுவோம்.

படமெடுக்கும் அவசரம்

ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு டப்பாவுக்கு மூடியைப் பொருத்திப் பார்க்கிறது. பல தடவை நழுவி, கடைசியில் 'டக்'கென்று உட்கார்கிறது. உடனே நிமிர்ந்து அம்மாவின் முகத்தைத் தேடுகிறது. அங்கே முகம் இல்லை, போன் இருக்கிறது. "அய்யோ, ரெக்கார்ட் ஆகலையே! இன்னொரு தடவை செய், கண்ணா!" இரண்டு தடவை செய்து காட்டும். மூன்றாவது தடவை மூடியை வீசிவிட்டுப் போனைப் பிடுங்க வரும். "எப்பப் பாரு, போன்தான் வேணும் இவனுக்கு" என்று புகார் வேறு!

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் மூட்டும் தவறு இது. நஷ்டம் இரண்டு பக்கமும். 9 மாத வாக்கிலேயே குழந்தை ஒரு பொருளையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, 'நீயும் பார்த்தியா?' என்று கேட்கத் தொடங்கிவிடும். பதில் சொல்ல வேண்டிய முகம் திரைக்குப் பின்னால் இருந்தால் அந்தக் கேள்வி அந்தரத்தில் நிற்கும். உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் நடத்திய சோதனையில் தாய்மார்கள் சில நிமிடங்கள் முகத்தில் சலனமே இல்லாமல் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைகள் முதலில் சிரித்து அவர்கள் கவனத்தை இழுக்கப் பார்த்தன, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. போன் பிடித்த முகம் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் தூரத்து உறவு.

இன்னொரு நஷ்டம் நம் நினைவுக்கு. உளவியலாளர் லிண்டா ஹெங்கலின் 2014 ஆய்வில், அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்களே குறைவாக நினைவில் நின்றன. ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவற்றில் அந்தக் குறை தெரியவில்லை. வழியும் இதிலேயே இருக்கிறது.

முதல் ஒரு நிமிடம் போனைத் தொட வேண்டாம். குழந்தை நிமிர்ந்தால் நடந்ததைச் சொல்லுங்கள்: "மூடி உட்கார்ந்துடுச்சு!" அதுவாக மறுபடி செய்தால், போனை அதன் கண் உயரத்துக்கு இறக்கி, உங்கள் முகம் மறையாமல் ஒரே ஒரு படம். முழு உருவம் எதற்கு? மூடியை அழுத்தும் விரல்கள் போதும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பும், விரல் நின்றுவிடும். வீடியோ என்றால் 20 வினாடி, அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பின்னாளில் கேட்க ஏங்கப்போவது அதன் குரலைத்தான்.

"இன்னைக்கு என்ன பண்ணின?"

மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். அவ்வளவு பெரிய கேள்வியில் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? ஒரு நுனியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்: "படிக்கட்டுல ஒரு எறும்பு எதையோ தூக்கிட்டுப் போச்சே..." பிறகு 5 வினாடியாவது சும்மா இருங்கள். இப்படி விவரம் சேர்த்துப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் நடந்ததைக் கூடுதல் விவரத்தோடு சொல்வதை உளவியலாளர்கள் ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "எத்தனை கால்? என்ன கலர்?" என்று பரீட்சை வைத்தால் பேச்சு அதோடு முடிந்தது.

பாதியில் ஷூவைப் பிடுங்குவது

குழந்தை தானே மாட்டிப் பார்க்கும் ஷூவை, கிளம்ப 10 நிமிடம் முன்னதாக எடுத்து வைத்தால் விளையாட்டு, ஒரு நிமிடம் முன்னதாக வைத்தால் சண்டை. நேரமில்லையா, ஆரம்பத்திலேயே நீங்கள் மாட்டிவிடுங்கள்.

மழலையைத் திருத்துவது

"பப்பாச்சி" என்றால் "தப்பு, சரியாச் சொல்லு" வேண்டாம். "ஆமா, பட்டாம்பூச்சி பறக்குது" போதும், காதில் ஏறிவிடும். ஆனால் 'பப்பாச்சி'யை எழுதி வையுங்கள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும்.

"அப்புறம் எழுதிக்கலாம்"

மறந்துவிடும். அன்றிரவே மூன்று வரி: தேதி, வயது, அது சொன்ன வார்த்தை அப்படியே. குழந்தை ஞாபகம் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பதில்லை.

ஒவ்வொரு நொடியையும் ரசித்தே தீருவது

முடியாது. காய்ச்சலும் சிணுங்கலுமான நாளில் எதையும் எழுத வேண்டாம். குழந்தை தூங்கியதும் நீங்களும் படுங்கள்.