கரகரப்பு போன விதம்

எலெக்ட்ரிக் கிடாரைக் கணினியில் பதியும்போது, சிதைவு சேர்க்காத கிளீன் டோனில்கூட கார்டு அடித்தால் ஒரு கரகரப்பு. ஆம்ப்ளிஃபயரின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டரை அணைத்தும் போகவில்லை. அப்போ உள்ளே வரும் சிக்னலே கிளிப் ஆகிறது, அதாவது அளவு மீறிச் சிதைகிறது. கிடாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது. அதை 'லைன்' நிலைக்கு மாற்றினால் ஒலி மங்கிவிடும்.

கிடார் வால்யூமை முழுதாகத் திறந்து, பிரிட்ஜ் ஹம்பக்கரில் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் இருப்பது) ஆறு தந்தியையும் பலமாக அடித்தேன். மெதுவாக மீட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை, பாட்டு சூடு பிடித்ததும் கை தானாக ஓங்கும். மீட்டரில் உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கும்வரை இன்டர்ஃபேஸில் கெயினைக் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தேன். கரகரப்பு போயிற்று.

24 பிட்டில் பதிந்தால் இந்த அளவு தாராளம். சத்தம் போதாவிட்டால் ஹெட்போனைக் கூட்டலாம். ஆம்ப் சிமுலேட்டரில் டிரைவ் (வேண்டுமென்றே சேர்க்கும் சிதைவு) குறைந்தால் அந்தப் பிளக்இன்னின் இன்புட்டை ஏற்றலாம். கெயின் பூஜ்யத்திலும் கிளிப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், பிக்கப்பின் இருபக்கத் திருகுகளைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.