வானத்துல ஒரே எடத்த ரெண்டு தடவ பாருங்க: பெரிய சர்வே டேட்டாவ வீட்ல இருந்தே தொறக்குறது எப்படி

2025 ஜூன்ல சிலியில இருக்குற ரூபின் அப்சர்வேட்டரியோட மொதல் படங்கள் வந்தப்ப எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் அந்த ரோஸ் கலர் நெபுலா படம் சுத்துச்சு, பாத்தோம், ஆஹான்னோம், அடுத்த மெசேஜுக்கு போயிட்டோம். எனக்கு அது நெருடிக்கிட்டே இருந்துச்சு. அந்த டெலஸ்கோப்போட உயிரே அதே எடத்த அடுத்த வாரம், அடுத்த மாசம், அடுத்த வருஷம்னு திரும்பத் திரும்ப எடுத்து எது மாறியிருக்குன்னு பாக்கறதுல தான் இருக்கு. அந்த வேலைய சின்ன அளவுல நம்மளே வீட்ல செஞ்சு பாக்கலாம், டெலஸ்கோப் வேணாம், கோடிங் வேணாம், பைசா செலவில்ல, ஒரு லேப்டாப்பும் ஓரளவு நெட்டும் ஒரு சாயங்காலமும் போதும். செல்லுலயும் ஆகும் ஆனா ஸ்க்ரீன் பத்தாது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வித்தியாசத்த மனசுல வாங்கிக்கோங்க. ஊர்ல ஃப்ரீ மெடிக்கல் கேம்ப் போடுறாங்கல்ல, ஆயிரம் பேருக்கு பிபி, சுகர் பாத்துட்டு அதுல சந்தேகம் வர்ற பத்து பேர பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. வானத்த பரவலா, வரிசையா படம் எடுத்துக்கிட்டே போற சர்வே டெலஸ்கோப்னா அந்த கேம்ப். 8 மீட்டர், 10 மீட்டர் கண்ணாடி வச்சு ஒரே ஒரு பொருள மணிக்கணக்கா பாக்கற டெலஸ்கோப் எல்லாம் பெரியாஸ்பத்திரி. சிலியில இப்ப கட்டிக்கிட்டு இருக்குற ஈஎல்டிங்குற எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ் டெலஸ்கோப்புக்கு 39 மீட்டர் கண்ணாடி, 798 துண்டா செஞ்சு சேக்கறாங்க, அது வந்தா மங்கலான ஒரு புள்ளியோட ஒளியக்கூட பிரிச்சு என்ன தனிமம் இருக்குன்னு சொல்லிரும், ஆனா எந்த புள்ளிய பாக்கணும்னு அதுக்கு யாராவது சொல்லணும். ரெண்டுல எது ஒசத்தின்னு கேக்கறதுல அர்த்தமே இல்ல, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பாதி குருடு.

ரூபின் இதுல கொஞ்சம் தனி, கேம்ப்புக்கே பெரியாஸ்பத்திரி மிஷின தூக்கிட்டு வந்த மாதிரி. 8.4 மீட்டர் கண்ணாடி, 3200 மெகாபிக்சல் கேமரா, ஒரு ஷாட்ல 9.6 சதுர டிகிரி, அதாவது சுமார் 45 முழு நிலாவ பக்கத்துல பக்கத்துல அடுக்குன அளவு வானம். ஒரு ஷாட்டுக்கு சுமார் 30 செகண்ட், ஒரு ராத்திரிக்கு சுமார் 20 டெராபைட், 10 வருஷத்துல ஒவ்வொரு எடத்தையும் ஏறக்குறைய 800 தடவ எடுக்கறது தான் திட்டம்.

சரி, வேலைக்கு வருவோம்.

மொதல்ல அலாடின் லைட்ட தொறங்க. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்குற வானியல் டேட்டா சென்டர் நடத்தற பக்கம், பேர தேடுனாலே வந்துரும், ப்ரவுசர்லயே ஓடும். தொறந்ததும் முழு வானமும் ஒரு உருண்டையா வரும். சர்ச் பாக்ஸ்ல பார்னார்ட்ஸ் ஸ்டார்னு இங்கிலீஷ்ல அடிங்க. ஒஃபியூக்கஸ் நட்சத்திர மண்டலத்துல இருக்குற செங்குறுமீன், அதாவது செவப்பா மங்கலா இருக்குற சின்ன நட்சத்திரம், சுமார் 6 ஒளியாண்டு தூரம், வெறுங்கண்ணுக்கு தெரியாது. படம் வந்ததும் ஸ்க்ரோல் பண்ணி ஜூம் செஞ்சு, காட்சிப்பரப்பு 10 ஆர்க்நிமிடம் வாக்குல வர்ற மாதிரி வச்சுக்கோங்க, முழு நிலாவோட அகலத்துல மூணுல ஒரு பங்கு. நடுவுல ப்ளஸ் மாதிரி ஒரு குறி இருக்கும், அது தான் கேட்லாக், அதாவது நட்சத்திரப் பட்டியல், சொல்ற எடம்.

ஆனா அந்த குறில நட்சத்திரம் இருக்காது. மொத தடவ பாத்தப்ப நான் தப்பா ஏதோ அடிச்சுட்டேன்னு நெனச்சு திரும்ப அடிச்சேன். தப்பில்ல. நீங்க பாக்கறது டிஎஸ்எஸ்னு ஒரு பழைய வான சர்வே, 1980கள், 90கள்ல போட்டோ பிளேட்ல எடுத்து பின்னாடி ஸ்கேன் பண்ணது, கேட்லாக் சொல்ற எடமோ 2000ஆம் வருஷத்துக்கு உண்டானது. நட்சத்திரம் குறிக்கு கொஞ்சம் கீழ, தெக்கால நிக்கும். செவப்பா ஒண்ணு, நீலமா ஒண்ணுன்னு பிரிஞ்சு தெரிஞ்சாலும் குழம்பாதீங்க, செவப்பு பிளேட்டும் நீல பிளேட்டும் வேற வேற வருஷம் எடுத்தது, அதுக்குள்ள அது நகந்துருச்சு.

இப்ப ஓரத்துல அடுக்கு மாதிரி ஐகான் இருக்கும், அத அமுக்குனா வேற சர்வேக்கு மாத்தலாம். 2மாஸ் எடுங்க, 1997ல இருந்து 2001 வரைக்கும் நடந்த இன்ஃப்ராரெட் சர்வே. நட்சத்திரம் குறிக்கு பக்கத்துல வந்து ஒக்காந்துரும். அப்புறம் பேன்ஸ்டார்ஸ் எடுங்க, ஹவாய்ல ஹலியாகலா மலைல 1.8 மீட்டர் டெலஸ்கோப், படங்கள் 2010ல இருந்து 2014 வரைக்கும். இப்ப குறிய தாண்டி மேல, வடக்க போயிருக்கும், ரொம்ப பிரைட்டா இருக்கறதால அந்த கேமரால கொஞ்சம் செதஞ்சு தெரியலாம். மூணையும் மாத்தி மாத்தி பாருங்க, சுத்தி இருக்குற நட்சத்திரம் எல்லாம் ஆணியடிச்ச மாதிரி நிக்கும், இது மட்டும் நடந்து போகும். வருஷத்துக்கு சுமார் 10.4 ஆர்க்செகண்ட் (60 ஆர்க்செகண்ட் சேந்தா ஒரு ஆர்க்நிமிடம்), நிலா அகலத்த கடக்கவே 170 வருஷத்துக்கு மேல ஆகும், ஆனா நமக்கு தெரிஞ்சதுலயே வானத்துல வேகமா நகர்ற நட்சத்திரம் இது தான், 1916ல எட்வர்ட் பார்னார்ட் கண்டுபிடிச்சார். பழைய பிளேட்டும் புது பிளேட்டும் ஒப்பிட்டு தான் கண்டுபிடிச்சார், நீங்க இப்ப பண்ணது அதே வேல.

இதோட மிச்சக் கதையும் கேட்டுக்கோங்க. 2024ல சிலியில இருக்குற விஎல்டிங்குற பெரிய டெலஸ்கோப்போட 8.2 மீட்டர் கண்ணாடில எஸ்ப்ரெஸ்ஸோங்குற கருவிய வச்சு இத சுத்தி ஒரு கிரகம் உண்டுன்னு சொன்னாங்க, 2025ல ஹவாய்ல ஜெமினி நார்த் டெலஸ்கோப்பும் சேந்து மொத்தம் நாலு கிரகம்னு உறுதி ஆச்சு, நாலுமே பூமிய விட சின்னது. படத்த ஒப்பிட்டதுல மாட்டுன நட்சத்திரம், நூறு வருஷம் கழிச்சு பெரிய கண்ணாடில கிரகத்தோட நிக்குது.

நகர்றத பாத்தாச்சு, அடுத்து மினுங்கறது. இதுக்கு ஆல்எர்ஸ்னு சிலி ஆளுங்க நடத்தற எக்ஸ்ப்ளோரர் பக்கத்துக்கு போங்க. அது என்ன பண்ணுதுன்னா, கலிஃபோர்னியால பாலோமர் மலைல ஸ்விக்கி ட்ரான்சியன்ட் ஃபெசிலிட்டின்னு ஒரு சர்வே 2018ல இருந்து ஓடுது, நாம இசட்டிஎஃப்னே சொல்லுவோம், 1.2 மீட்டர் டெலஸ்கோப் தான் ஆனா ஒரு ஷாட்ல 47 சதுர டிகிரி. ஒவ்வொரு புதுப் படத்துல இருந்தும் அதே எடத்தோட பழைய படத்த கழிச்சுருவாங்க, மாறாதது எல்லாம் அழிஞ்சு போயி மாறுனது மட்டும் மிஞ்சும், மிஞ்சுன ஒவ்வொண்ணும் ஒரு அலர்ட். அந்த அலர்ட்ட வாங்கி இது வெடிக்கிற நட்சத்திரமான சூப்பர்நோவாவா, துடிக்கற நட்சத்திரமான்னு மிஷின் லேர்னிங் வச்சு வகை பிரிச்சு எல்லாருக்கும் தொறந்து வக்கிறது தான் ஆல்எர்ஸ் மாதிரி புரோக்கர்களோட வேல. லாசேர், ஃபிங்க்னு இன்னும் சில பேர் இருக்காங்க. ரூபினோட அலர்ட்டும் இதே வழில தான், படம் எடுத்த கொஞ்ச நிமிஷத்துல உலகத்துல யாருக்கு வேணா, ஒரு ராத்திரிக்கு 1 கோடி அலர்ட் வரைக்கும் வரலாம்னு கணக்கு.

லைட்கர்வ் கிளாசிஃபையர, அதாவது வெளிச்சம் கூடிக் கொறையறத வச்சு வகை பிரிக்கறத, எடுத்து வகைல ஆர்ஆர் லைரேங்குற துடிக்கற நட்சத்திர வகைய தேர்ந்தெடுங்க, நம்பிக்கை அளவு ஒசத்தியா வைங்க, டிடெக்‌ஷன் எண்ணிக்கை 100க்கு மேல வைங்க, தேடுங்க. பட்டியல்ல ஏதாவது ஒண்ண அமுக்குனா ரெண்டு விஷயம் வரும், ஒரு கிராஃப், மூணு சின்னப் படம்.

மூணு படத்துல மொதல்ல புதுசு, ரெண்டாவது பழசு, மூணாவது கழிச்சு மிஞ்சுனது. மூணாவதுல நடுவுல உருண்டையா ஒத்தப் புள்ளி இருந்தா உண்மையான மாற்றம். பாதி வெள்ளை பாதி கருப்புன்னு ஒட்டிப் பொறந்த மாதிரி ரெண்டு புள்ளி இருந்தா பெரும்பாலும் ரெண்டு படமும் சரியா பொருந்தலன்னு அர்த்தம், அதுல ஏமாறாதீங்க. நீளமா கோடு இருந்தா சேட்டிலைட்டோ விமானமோ போயிருக்கும், இது வருஷா வருஷம் கூடிக்கிட்டே போறது உண்மையிலயே கவலையான விஷயம். ஒரு அம்பது அலர்ட் பாத்தீங்கன்னா கண்ணு பழகிரும்.

கிராஃப்ல ரெண்டு எடத்துல எல்லாரும் தடுக்கி விழுவாங்க. செங்குத்து அச்சுல மேக்னிட்யூட், அதாவது வெளிச்சத்த சொல்ற எண், அது சின்னதா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி, அதனால அச்சு தலைகீழா இருக்கும், 5 மேக்னிட்யூட் வித்தியாசம்னா 100 மடங்கு. கீழ தேதிக்கு பதிலா அஞ்சு இலக்க எண் ஓடும், அது மாடிஃபைட் ஜூலியன் தேதி, நாள எண்ணிக்கிட்டே போறது, 60000 வந்தது 2023 பிப்ரவரி 25, அத வச்சு கூட்டிக் கழிச்சுக்கலாம். பச்சைப் புள்ளி, செவப்புப் புள்ளி எல்லாம் வேற வேற ஃபில்டர்.

இப்ப பாத்தா வெறும் புள்ளி மழை, ஒரு அர்த்தமும் தெரியாது. ஏன்னா இந்த நட்சத்திரம் ஏறக்குறைய அர நாளுக்கு ஒரு தடவ வீங்கி சுருங்குது, டெலஸ்கோப் ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவ தான் எட்டிப் பாக்குது. அங்க ஃபோல்டட்னு இருக்கறத அமுக்குங்க. அது என்ன செய்யுதுன்னா, பல வருஷப் புள்ளிகளையும் ஒரே ஒரு துடிப்போட நீளத்துக்கு மடிச்சு மேல மேல அடுக்குது, பொடவைய மடிக்கிற மாதிரி, மடிப்பு சரியா விழுந்தா பார்டர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருதுல்ல, அப்படி. சர்ருனு ஏறி மெதுவா எறங்குற ஒரு வளைவு அந்தக் குப்பைக்குள்ள இருந்து எழுந்து வரும். எனக்கு இன்னிக்கும் ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும், அஞ்சாறு வருஷமா ஒரு துடிப்பு கூட தப்பாம அது துடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, நாம தான் துண்டு துண்டா பாத்திருக்கோம்.

பீரியட், அதாவது ஒரு துடிப்போட நீளம், அந்த ஸ்லைடர நீங்களே நகத்திப் பாருங்க. துளி மாத்துனாலும் வளைவு கலைஞ்சு மறுபடி மழையாயிரும். ரெண்டு மடங்காக்குனா ரெண்டு மேடு வரும். இது முக்கியம், ஏன்னா ஒண்ண ஒண்ணு மறைக்கிற இரட்டை நட்சத்திரங்கள்ல கம்ப்யூட்டர் பல தடவ பாதி பீரியட்டயே பிடிச்சுரும், ரெண்டு மறைப்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கும், ரெண்டு மடங்காக்குனா தான் ஒரு பள்ளம் ஆழமா இன்னொண்ணு மேலோட்டமா பிரியும். அப்புறம் பீரியட் சரியா 1 நாள், அர நாள்னு வந்தா சந்தேகப்படுங்க, நாம ராத்திரி மட்டும் பாக்கறதால வர்ற போலியா இருக்கலாம்.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, ஆர்ஆர் லைரேக்களோட நிஜமான வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவு தான், அதனால பாக்க எவ்வளவு மங்கலோ அவ்வளவு தூரம். ஒண்ண மடிச்சு அடையாளம் கண்டா ஒரு மைல்கல் நட்டாச்சு. இசட்டிஎஃப் ஒரு ஷாட்ல சுமார் 20.5 மேக்னிட்யூட் வரைக்கும் பாக்கும், ரூபின் 24ஐ தாண்டும், ஏறக்குறைய 30 மடங்கு மங்கலான நட்சத்திரம், நம்ம பால்வெளியோட வெளி ஓரம் வரைக்கும் மைல்கல் நடலாம். பெரிய கண்ணாடியும் திரும்பத் திரும்ப பாக்கறதும் ஒண்ணு சேந்தா என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு நான் இத தான் காட்டுவேன்.

ரூபினோட படத்த நேரா பாக்கணும்னா ஸ்கைவியூவர் டாட் ஆப்னு இங்கிலீஷ்ல அடிங்க. விர்கோ கேலக்ஸிக் கூட்டம் வரும், ஜூம் பண்ணிக்கிட்டே போங்க, பெரிய சுருள் கேலக்ஸிய விட்டுட்டு அதுக்குப் பின்னாடி தூசி மாதிரி கிடக்குற மங்கல் பொட்டுகள பாருங்க, அது ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. சுமார் 10 மணி நேர டேட்டால 2104 புது சிறுகோள் சிக்குச்சு, அதுல 7 பூமிக்கு பக்கமா வர்ற வகை. சிறுகோள் எப்படி சிக்குதுன்னா, பார்னார்ட் நட்சத்திரத்துக்கு நீங்க பண்ணது தான், வருஷத்துக்கு பதிலா நிமிஷக் கணக்குல.

ஸ்டூடண்ட்ஸ் யாராவது படிச்சுக்கிட்டு இருந்தா, ஐஏஎஸ்சின்னு சர்வதேச சிறுகோள் தேடல் திட்டம் இருக்கு, பேன்ஸ்டார்ஸ் எடுத்த நாலு நாலு படமா குடுப்பாங்க, அஸ்ட்ரோமெட்ரிகாங்குற விண்டோஸ் சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தி மாத்தி ஓட விட்டு நகர்ற புள்ளிய தேடி ரிப்போர்ட் அனுப்பணும், காசு கிடையாது, டீமா சேரணும். ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, மொதல்ல வர்றது பூர்வாங்க கண்டுபிடிப்பு தான், அதோட பாதை உறுதியாகி நம்பர் கெடைக்க பல வருஷம் ஆகும், பேர் வைக்கறது அதுக்கும் அப்புறம். தமிழ்நாட்டுல நம்ம காவலூர் வானியல் ஆய்வகத்துலயும் இந்த வேல நடந்திருக்கு, 1988ல அங்க கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு தான் 4130 ராமானுஜன்னு பேரு. பிள்ளைங்ககிட்ட அவசரப்பட்டு உன் பேர்ல கோள்னு சொல்லிராதீங்க, அந்தப் பொறுமையும் வேலைல சேந்தது தான்.

கடைசியா ஒரு வேல. ஆல்எர்ஸ்ல சூப்பர்நோவா வகை எடுத்து இந்த வாரம் வந்த ஒண்ண தேர்ந்தெடுங்க, கேலக்ஸிக்கு ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கறதா பாத்து. இசட்டிஎஃப்ல தொடங்குற அதோட நீளப் பேரயும், எந்த தேதில எத்தன மேக்னிட்யூட்னும் ஒரு நோட்ல எழுதுங்க. மூணு நாளுக்கு ஒரு தடவ அதே பக்கத்த தொறந்து புதுப் புள்ளி விழுந்திருக்கான்னு பாத்து எழுதிக்கிட்டே வாங்க. நடுவுல எங்கயாவது ஒரு பெரிய டெலஸ்கோப் அதோட ஸ்பெக்ட்ரம், அதாவது ஒளிய பிரிச்சு, எடுத்திருந்தா, ட்ரான்சியன்ட் நேம் சர்வர்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல தேடுனா அதுக்கு எஸ்என்னு தொடங்கி வருஷத்தோட ஒரு பேரும் எந்த வகைன்னும் போட்டிருப்பாங்க. ஏறிக்கிட்டு இருக்கும்போதே பிடிச்சீங்கன்னா உச்சிய தொட்டு எறங்குறது வரைக்கும் உங்க நோட்லயே இருக்கும்.