மால்ட்டாவின் பழங்கோயில்களும் பழைய ஊர்களும்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிமுறை

சிசிலிக்குத் தெற்கே மத்திய தரைக்கடலில் இருக்கும் மால்ட்டா, 27 கி.மீ. நீளமே உள்ள குட்டித் தீவு. எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஆயிரம் ஆண்டு மூத்த கற்கோயில்கள், ரோமானியர் வீடு, நிலத்தடிக் கல்லறைகள், மதில் சூழ்ந்த ஊர் எல்லாமே இங்கே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான். ஆனால் பார்க்கிற வரிசை முக்கியம். நேராகக் கோயிலுக்குப் போய் நின்றால் பெரிய பெரிய கற்கள் மட்டும்தான் கண்ணில் படும். கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள், அதே கற்கள் பேச ஆரம்பிக்கும்.

படி 1: முதலில் ஹைப்போஜியம் டிக்கெட்

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். பாவ்லா என்ற ஊரில், வீடுகளுக்கு அடியில், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த கல்லறைக்கூடம் இது. 1902-இல் கட்டட வேலையின்போது தற்செயலாக அகப்பட்டது. மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் உள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நேரத்துக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். சில மாதம் முன்பே இணையத்தில் பதிவு செய்தால்தான் இடம் உறுதி. மற்ற இடங்களுக்கெல்லாம் சேர்த்து விற்கும் பொது நுழைவுச்சீட்டு இதற்குச் செல்லாது. படம் எடுக்க அனுமதி இல்லை, சின்னக் குழந்தைகளை விடமாட்டார்கள். தேதி கிடைத்த பிறகு மீதிப் பயணத்தை அதைச் சுற்றி அமையுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நிழலில்லாத பாறைமேல் நடப்பது கஷ்டம். ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி என்பதால் வழி கேட்பதில் சிக்கல் இருக்காது.

படி 2: கோயிலுக்கு முன் அருங்காட்சியகம்

இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். தலைநகர் வலெட்டாவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். கோயில்களில் கிடைத்த சிற்பங்கள், சுழிகள் செதுக்கிய பலகைக்கற்களில் பெரும்பாலானவற்றின் அசல் இங்கேதான் இருக்கிறது. அந்தந்த இடத்தில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் நகல். ஹைப்போஜியத்தில் கிடைத்த 'தூங்கும் பெண்' சுடுமண் உருவமும் இங்கே உண்டு. நீளம் 12 செ.மீ.தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒருக்களித்துப் படுத்து, தலைக்குக் கை வைத்திருக்கிறாள். கட்டிலின் பின்னல்வரை செய்திருக்கிறார்கள்.

படி 3: கல்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வலெட்டாவில் 74-ஆம் எண் பஸ் ஏறினால் ஹஜார் இம் கோயில் வாசலிலேயே இறங்கலாம். அங்கிருந்து கடலை நோக்கிச் சரிவில் அரைக் கிலோமீட்டர் நடந்தால் இம்நைத்ரா கோயில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

முதலில் கல்லின் தரத்தைக் கவனியுங்கள். ஹஜார் இம் கட்டியது குளோபிஜெரினா என்ற மென்மையான, மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல்லால். செதுக்க எளிது, ஆனால் உப்புக்காற்று அரித்து ஓட்டை ஓட்டையாக ஆக்கிவிடும். இம்நைத்ராவின் வெளிச்சுவர் கோரலின் என்ற கடினமான சாம்பல்நிறக் கல். அதனால்தான் அது குறைவாகச் சிதைந்திருக்கிறது. 2009-இலிருந்து இரண்டுக்கும் மேலே கூடாரம் போட்டிருக்கிறார்கள். வானம் மறைகிறதே என்று தோன்றும். அது இல்லாவிட்டால் மழையும் வெயிலும் இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும்.

அடுத்து வாசல்கள். ஒரே பலகைக்கல்லின் நடுவில் சதுரமாக வெட்டித் திறந்த வாசல் இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கக் கற்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், தொடக்கூடாது. எதிரெதிரே குழிகள் தெரியும். குறுக்குக்கட்டை செருகி வழியை அடைத்திருக்கலாம். அதாவது எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகவில்லை. சில கற்களின் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குடைந்திருக்கும். உலோகமே இல்லாத காலத்தில் கல்லும் கொம்பும் வைத்துச் செய்த வேலை இது.

இம்நைத்ராவின் தெற்குக் கோயிலில் பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவுநாள் அன்று எழும் சூரியனின் ஒளி நடுவாசல் வழியே நேராக உள்ளே விழும். மார்ச், செப்டம்பரில் அதைக் காட்டச் சிறு குழுவாக அழைத்துப் போகிறார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

படி 4: தர்ஷீன், பிறகு ஹைப்போஜியம்

தர்ஷீனும் ஒரு கற்கோயில்தான். இரண்டும் நடக்கும் தூரத்தில் இருப்பதால் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தர்ஷீனில் உருண்டைக் கற்கள் கிடப்பதைப் பாருங்கள். பெரும்பாறைகளை இவற்றின் மேல் உருட்டி நகர்த்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சுழிகள் செதுக்கிய பலிபீடம் ஒன்றின் முகப்பில் அரைவட்டக் கல்மூடி இருக்கும். அதற்குள்ளே தீக்கல் கத்தியும் ஆட்டுக்கொம்பும் கிடைத்தன. இதைப் பார்த்துவிட்டு ஹைப்போஜியத்தில் இறங்கினால், மேலே கல் அடுக்கிக் கட்டிய அதே வாசலையும் கூரையையும் கீழே பாறையில் குடைந்தே செய்திருப்பது சட்டென்று புரியும்.

படி 5: ரபாத்தும் இம்தினாவும்

இன்று இவை இரண்டு ஊர். ரோமானியர் காலத்தில் மெலிதே என்ற ஒரே நகரம். 870-இல் தீவைப் பிடித்த அரபியர்களின் காலத்தில்தான் நகரம் சுருங்கி, அகழி வெட்டி, இன்றைய இம்தினா அளவுக்கு வந்தது. அதனால்தான் மொசைக் தரையுள்ள ரோமானியர் வீடு மதிலுக்கு வெளியே நிற்கிறது. ரபாத்தில் செயின்ட் பால் நிலத்தடிக் கல்லறைகளில் பாறையிலேயே வட்டமாக வெட்டிய மேசைகளைப் பாருங்கள், இறந்தவர் நினைவாக அங்கே அமர்ந்து விருந்து உண்டார்கள். இம்தினாவுக்கு மாலையில், சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த பேராலயத்தை மட்டும் பகலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

படி 6: வலெட்டா

1565 முற்றுகையில் ஓட்டோமான் துருக்கியர் படையைத் தடுத்து நிறுத்திய செயின்ட் ஜான் சபையினர் (கிறித்தவ வீரர்களின் சபை) அடுத்த ஆண்டே அடிக்கல் நாட்டிய நகரம். தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடும். வீட்டுச் சுவர்களில் ஹஜார் இம்மின் அதே மஞ்சள் கல்லைக் காண்பீர்கள். செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த, அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இருக்கிறது. தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைப் பலகைகள் என்பதால் கூர்குதி செருப்புக்கு அனுமதி இல்லை.

படி 7: நேரம் இருந்தால் கோசோ

கோசோ பக்கத்துத் தீவு. மால்ட்டாவின் வடமுனையில் உள்ள சிர்கேவா துறையிலிருந்து படகில் 25 நிமிடம். கோசோவின் ஜிகன்தியா கோயிலில் வெளிச்சுவருக்குக் கோரலினும் உள்வாசல்களுக்குக் குளோபிஜெரினாவும் வைத்திருப்பது உங்கள் கண்ணுக்கு இப்போது தானாகவே தெரியும். சுவர் சில இடங்களில் 6 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அந்தப் படகில் போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள். கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் போகவர இரண்டுக்கும் சேர்த்து வாங்குவார்கள்.