ஆடியில் விதை, தையில் மோர் மிளகாய்: மாடித் தோட்டத்துக்குப் புதியவர்களுக்கு

மாடியில் மிளகாய் வளர்க்க ஆசைப்படும் பலர், விதை கையில் கிடைத்த அன்றே ஊன்றிவிடுகிறார்கள். செடி வளரும், காயும் வரும். ஆனால் காய் குவியும் நேரத்தில் அடைமழை பெய்தால் அதை வற்றல் போட முடியாது. வற்றலுக்கு வேண்டியது விடாத வெயில். தமிழ்நாட்டில் மழை ஓய்ந்து அந்த வெயில் தை மாதத்தில் தொடங்குகிறது. அதனால் வெயில் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பதே சரி.

கணக்கு எளிது. விதைத்து 40 நாளில் நாற்று நடவுக்குத் தயார். நட்டு ஏறக்குறைய 75 நாளில் முதல் பச்சைக் காய். ஆடி கடைசியில் விதைத்தால் மார்கழியில் பறிப்பு தொடங்கி, தையில் செடி நிறையக் காய் கொடுக்கும்.

விதையும் நாற்றும்

மோர் மிளகாய்க்குத் தோல் தடித்த, காரம் மிதமான காய்தான் நல்லது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறிய குடமிளகாய் (காய்கறிக் கடையில் விற்கும் பெரிய குடைமிளகாய் அல்ல) இதற்குப் பேர்போனது. கிடைக்காவிட்டால் சாதாரண நாட்டு மிளகாயே போதும். கடையில் வாங்கிய வர மிளகாயிலிருந்து விதை எடுக்காதீர்கள். அது எந்த ரகம், எவ்வளவு பழையது என்று தெரியாது.

நாற்றுக்கான குழித்தட்டில் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும் சம அளவு நிரப்பி, குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். இந்தக் கட்டத்தில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான். தண்டு தரையோடு அழுகிச் சாய்ந்துவிடும். மேல்பரப்பு காய்ந்த பிறகு தெளித்தால் போதும்.

நடவு

12 அங்குலப் பைக்கு ஒரு செடி. செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கோகோபீட்டை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். மாலையில் நட்டு, மூன்று நாள் நிழலில் வைத்து, அப்புறம் வெயிலுக்கு மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் காப்பாற்றுவது

மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. அதைத் தாண்டினால்தான் காய். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். பைக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தேங்கும் தண்ணீர் வேரையும் அழுகவைக்கும், டெங்கு கொசுவையும் வளர்க்கும். செடிக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டு, துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். மழை உரத்தைக் கரைத்துக்கொண்டு போவதால், வெயில் தலைகாட்டியதும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட வேண்டும்.

இலை சுருட்டைதான் புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது. இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு இலை நீண்டு குறுகினால் சிலந்திப் பேன். இரண்டுக்கும் லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். செடி முழுக்கக் குட்டையாகி, இலை சிறுத்து மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. மனசு வராவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடிகள் பிழைக்கும்.

பறிப்பும் மோர் மிளகாயும்

காம்போடு பறியுங்கள். காம்பு இல்லாத காயில் பறித்த இடம் வழியாக அழுகல் இறங்கும். காலையில் பனி உலர்ந்த பிறகு பறிப்பது நல்லது.

கால் கிலோ மிளகாய்க்கு ஒரு கப் புளித்த தயிர், இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு. காயைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துணியில் துடைத்து, ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். கையில் முதலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும். தயிரைச் சிலுப்பிக் கெட்டி மோராக்கி, உப்பு சேர்த்து, பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ காயைப் போட்டு மூடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். இரண்டு நாள் ஊறட்டும், அவ்வப்போது குலுக்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் காயை மட்டும் எடுத்துத் தட்டில் பரப்பி மொட்டை மாடியில் காயவையுங்கள். மோரைக் கொட்டிவிடாதீர்கள். மாலையில் காயைத் திரும்ப அதே மோரில் போட வேண்டும். பகலில் வெயில், இரவில் மோர் என்று மோர் முழுவதும் வற்றும்வரை தொடருங்கள். சுவை ஏறுவது இந்த இரவுகளில்தான், ஒரே நாளில் காயவைத்து முடிக்கும் குறுக்குவழியில் காய்க்குள் புளிப்பு இறங்காது. மோர் தீர்ந்ததும் மூன்று நான்கு நாள் வெறும் வெயில். தை மாதப் பனி பொல்லாதது, பொழுது சாயும் முன் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள்.

காயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் வெயில் பாக்கி. சூடு ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒரு முறை வெயில் காட்டினால் அடுத்த பருவம் வரை நிற்கும்.

வறுக்கும்போது எண்ணெய் புகையக் கூடாது. மிதமான தீயில் போட்டுப் புரட்டி, கரும்பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் அந்தச் சூட்டில் கொஞ்சம் கறுக்கும்.