செம்புப் படிவை எடுக்கப்போய் குழலைக் கெடுக்காதீர்கள்

ரைஃபிள் குழலில் செம்பு ஒட்டிவிட்டது என்றதும் பலர் செய்வது, பிரஷ்ஷை எடுத்து மூச்சு முட்டத் தேய்ப்பது. செம்பைக் கரைப்பது சால்வென்ட்டும் அது ஊறும் நேரமும்தான், கைப்பலம் இல்லை. (முதலில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலியா என்று பாருங்கள், இன்னொரு தடவையும் பாருங்கள்.)

குண்டின் மேலுறை பெரும்பாலும் கில்டிங் மெட்டல், சுமார் 95 சதவீதம் செம்பு, மீதி துத்தநாகம். அது குழலுக்குள் உரசிப் போகும்போது மெல்லிய பூச்சாக ஒட்டும், அதன்மேல் வெடிமருந்துக் கரி படியும், கரிமேல் மறுபடி செம்பு. எடுத்த எடுப்பிலேயே செம்பு சால்வென்ட்டை விட்டால் அது கரிக்கு மேலேயே நின்றுவிடும், துணியும் வெள்ளையாக வரும், நாமும் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கரியை முதலில் எடுங்கள், அப்புறம் செம்பு. படிவு பழையதென்றால் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. அம்மோனியா சால்வென்ட் செம்பைத் தொட்டால் துணி நீலமாகும், சரி. ஆனால் வெண்கல பிரஷ்ஷிலும் பித்தளை ஜாக்கிலும் (துணியைக் குழலுக்குள் தள்ளும், ராடின் முனையில் மாட்டும் துண்டு) இருப்பதும் செம்புதானே? குழல் எப்போதோ சுத்தமாகியிருக்கும், கரைந்துகொண்டிருப்பது உங்கள் ஜாக். சந்தேகமிருந்தால் ஜாக்கின் மேலேயே ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நைலான் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் அல்லது நிக்கல் பூசிய ஜாக்கும் இருந்தால் இந்தக் குழப்பமே வராது. குழலைப் பின்பக்கம் அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் மீதி செம்பு ஆரஞ்சுக் கோடாகத் தெரியும்.

ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று அம்மோனியா சால்வென்ட்டை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஸ்வீட்ஸ் 7.62 மாதிரி கடுமையானவற்றுக்கு 15 நிமிடம்தான் கணக்கு; உள்ளேயே காய்ந்தால் எஃகுக்கு ஆபத்து. நெடுநேரம் ஊறவென்றே வரும் அம்மோனியா இல்லாத ஃபோம்கள் வேறு ரகம், அவற்றின் லேபிள் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு சால்வென்ட்டைக் கலக்கவே கூடாது. ப்ளீச் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

கிளீனிங் ராடைப் பின்பக்கமிருந்து, போர் கைடு (ராடைக் குழலுக்குள் நேராகச் செலுத்தும் குழாய்) வைத்து விடுங்கள். வாய்ப்பக்கமிருந்து குத்தினால் ராடு உரசி குழல் வாயின் விளிம்பான கிரவுன் தேயும், குறி தவறுவதற்கு அது ஒன்றே போதும். குழல் வாயைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் சால்வென்ட் ட்ரிக்கருக்குள் இறங்காது. உரசும் பேஸ்ட் எதற்கும் மசியாத படிவுக்கு மட்டும், அதுவும் அளவாக. பேட்டரி வைத்துச் செம்பை உரிக்கும் வீட்டு வித்தை பக்கம், என்னைக் கேட்டால், போகவே வேண்டாம்.

முடிந்ததும் சால்வென்ட் மிச்சமில்லாமல் துடைத்து மெல்ல எண்ணெய் போடுங்கள், அடுத்து சுடும் முன் அந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். முதல் சில குண்டுகள் கொஞ்சம் விலகிப் போனால் ஸ்கோப்பைத் திருகாதீர்கள், சுத்தமான குழல் பழைய நிலைக்கு வரச் சில குண்டுகள் பிடிக்கும்.