மகர ராசியின் பொருளை மரபுக்கு மரபு ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி காலை எட்டரை மணிக்குச் சென்னையில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தையின் ராசி என்ன என்று மேலை ஜோதிட முறையில் பார்த்தால் ‘கேப்ரிகார்ன்’, அதாவது மகரம், என்று வரும். அதே நாளையும் நேரத்தையும் நம்மூர் ஜோதிடரிடம் கொடுத்தால், சுவாதி நட்சத்திரம், துலா ராசி, மகர லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) என்று குறித்துத் தருவார். அது மார்கழி மாதம் ஆகையால் கட்டத்தில் சூரியன் தனுசில் இருக்கும். சீன முறையில் கேட்டால் முயல் ஆண்டு என்பார்கள், ஏனென்றால் டிராகன் ஆண்டு அந்த வருடம் பிப்ரவரி 5-ஆம் தேதிதான் தொடங்கியது.

இந்த விடைகளில் எதுவும் பிழையன்று. ஒரு மரபில் கணித்த ராசிக்கு இன்னொரு மரபில் எழுதிய பலனை எடுத்துப் பொருத்தும்போதுதான் பிழை நேர்கிறது. கைபேசியில் கேப்ரிகார்ன் பற்றிப் படித்த குணங்களைத் தம் மகர ராசிக்கு ஒட்டிப் பார்த்து, பொருந்தவில்லையே என்று குழம்புகிறவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு உதவும் என்பதால், மகரம் என்ற ஒரே ராசியை எடுத்துக்கொண்டு, அதன் பொருளை எந்த வரிசையில் விசாரித்துப் படிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். மற்றப் பதினொரு ராசிகளுக்கும் இந்த வரிசையே போதும்.

முதல் கேள்வி: யார் நிற்கும் ராசி?

தமிழில் ஒருவர் “என் ராசி மகரம்” என்று சொன்னால், அவர் பிறந்தபோது சந்திரன் மகரத்தில் இருந்தது என்று பொருள். உத்திராடம் 2, 3, 4-ஆம் பாதங்கள், திருவோணம் முழுவதும், அவிட்டம் 1, 2-ஆம் பாதங்கள் ஆகியவற்றில் ஒன்றில் அவர் பிறந்திருப்பார். மேலைநாட்டுக்காரர் அதையே சொன்னால், சூரியன் அங்கே இருந்தது என்று பொருள். சந்திரன் ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டேகால் நாள் தங்குகிறது. சூரியன் ஒரு மாதம் தங்குகிறது. லக்னமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மாறிவிடுகிறது. ஆகவே சூரிய ராசியை அறியப் பிறந்த தேதி போதும். சந்திர ராசிக்குத் தேதியோடு நேரமும் வேண்டியிருக்கலாம். லக்னத்துக்கு நேரமும் ஊரும் கட்டாயம் வேண்டும். தேதியை மட்டும் கேட்டுவிட்டுப் பலன் சொல்லும் எதுவும் சூரிய ராசியையோ சீன ஆண்டையோதான் சொல்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

மேலை மரபிலும் சூரிய ராசி எப்போதும் இவ்வளவு தலைமை வகித்ததில்லை. 1930-இல் பிரிட்டனின் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ இதழில் ஆர். எச். நெய்லர் எழுதிய ஜாதகக் கட்டுரைக்கு வரவேற்பு பெருகி, பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பலன் சொல்லும் பத்திரிகைப் பகுதிகள் அதன் பிறகே பரவின. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தம் வெள்ளி நாணயங்களில் மகரத்தைப் பொறித்தார். அதுவே அவர் பிறந்த ராசி என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பர் மாதத்தில். சூரியன் மகரத்துக்கு அருகில்கூட இல்லை. அவருடைய சந்திரன் மகரத்தில் இருந்தது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் அகஸ்டஸ் மகர ராசிக்காரர்தான்.

இரண்டாம் கேள்வி: எந்த வட்டம்?

யாருடைய இருப்பு என்பது தெளிவான பின், அந்த இருப்பை எங்கிருந்து அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மேலை ஜோதிடம் பருவங்களைக் கொண்டு வட்டத்தை அளக்கிறது: வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் புள்ளி மேஷத்தின் தொடக்கம், டிசம்பர் 22-ஐ ஒட்டிச் சூரியன் தென்கோடியை எட்டும் புள்ளி மகரத்தின் தொடக்கம். இதைச் சாயன முறை என்பார்கள். நம் ஜோதிடம் விண்மீன்களைக் கொண்டு அளக்கிறது. இது நிராயன முறை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இந்த இரண்டு வட்டங்களும் சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகுகின்றன. அந்த விலக்கத்துக்கு அயனாம்சம் என்று பெயர். இன்று அது ஏறத்தாழ 24 பாகை. மேக்நாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அளித்த அறிக்கையை ஒட்டியே, இந்திய அரசின் பஞ்சாங்கத்துக்கான அயனாம்சம் நிலைபெற்றது.

இதன் விளைவை மகரத்திலேயே பார்க்கலாம். மேலை முறையில் சூரியன் ஏறத்தாழ டிசம்பர் 22 முதல் ஜனவரி 19 வரை மகரத்தில் இருக்கிறது; நம் முறையில் ஜனவரி 14 அல்லது 15-ஆம் தேதி தொடங்கித் தை மாதம் முழுவதும் இருக்கிறது. இரண்டு முறையிலும் சூரியன் மகரத்தில் இருப்பது ஜனவரி நடுவில் ஐந்தாறு நாட்கள் மட்டுமே. உலகப் படத்தில் தெற்கே 23½ பாகையில் ஓடும் கோட்டுக்கு மகர ரேகை என்ற பெயர் இடப்பட்ட காலத்தில், சூரியன் தென்கோடியை எட்டும்போது மகர விண்மீன்களின் இடையே நின்றது. இன்று அதே நாளில் தனுசு விண்மீன்களின் இடையே நிற்கிறது. உத்தராயணத்தின் வானியல் தொடக்கமும் மகர சங்கராந்தியும் மூன்று வாரத்துக்கும் மேலாகப் பிரிந்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

நம் மரபுக்குள்ளேயும் ஒரு பிரிவு உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் கிரகங்களின் இடத்தை வெவ்வேறு வழியில் கணிக்கின்றன. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29-இல் மீனத்துக்குப் பெயர்ந்ததால், மகர ராசிக்கு ஏழரைச் சனி அன்றே முடிந்தது. திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி அந்தப் பெயர்ச்சி 2026 மார்ச் மாதத்தில்தான். ஒரு பலனைப் படிக்கும்போது அது எந்தப் பஞ்சாங்கத்தை ஒட்டியது என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், ஓராண்டு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலே நுழைந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: அந்த உருவம் எது?

இந்தப் பகுதியில் நிதானமாக இருங்கள். ராசியின் பொருளில் பெரும்பங்கு அதன் உருவத்திலிருந்து பிறந்தது. மகரத்தின் மிகப் பழைய உருவம் மெசொப்பொத்தேமியாவில் கிடைக்கிறது. முன்னுடல் ஆடு, பின்னுடல் மீன். ‘சுகுர்மாஷு’ என்ற அதன் பெயரிலேயே மீனும் ஆடும் இருக்கின்றன. நிலத்தடி நன்னீருக்கும் அறிவுக்கும் தெய்வமான என்கி, பிற்காலத்தில் ஏயா, அதற்கு உரியவர். பாபிலோனின் எல்லைக் கற்களில் இந்த ஆட்டுமீன் செதுக்கப்பட்டிருக்கிறது. கிரேக்கர் அதற்கு ‘ஆட்டுக்கொம்பன்’ என்று பொருள்படும் பெயரை இட்டு, டைஃபோன் என்னும் அரக்கனுக்கு அஞ்சி நீரில் குதித்த பான் தேவனின் கதையைச் சேர்த்தார்கள். அரபியர் ‘ஜதீ’, ஆட்டுக்குட்டி, என்றார்கள். அங்கே மீன் வால் பெயரிலிருந்து நழுவிவிட்டது. ஆப்கானிஸ்தானின் சூரிய நாட்காட்டியில் குளிர்காலத்தின் முதல் மாதத்துக்கு இன்றும் ‘ஜதீ’ என்று பெயர்.

இந்தியாவுக்கு வந்தபோது ஆட்டுமீனின் இடத்தில் மகரம் அமர்ந்தது. முதலையின் வாய், யானையின் துதிக்கை, விரிந்த வால் என்று நம் கோயில் தோரணங்களில் நாம் பார்க்கும் அதே நீர்விலங்குதான். வருணனுக்கும் கங்கைக்கும் ஊர்தி, காமனுக்குக் கொடி. தமிழில் மகரம் என்றால் சுறா என்றும் பொருள் உண்டு. தை மாதத்தைத் தனித்தமிழில் ‘சுறவம்’ என்று எழுதுவது அதனால்தான். ஆயினும் பழைய ஆடு முழுதாக மறைந்துவிடவில்லை. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர், கிரேக்கப் பெயரின் திரிபான ‘ஆகோகேரம்’ என்பதையும் இந்த ராசிக்கு எழுதுகிறார். மகரத்துக்கு மான் முகம் என்றும் வருணிக்கிறார். மகரத்தின் முதல் பாதி நாற்கால் ராசி, பின்பாதி நீர் ராசி என்று நம் ஜோதிட நூல்கள் வகுத்திருக்கும் விதியை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதல் 15 பாகை லக்னத்திலிருந்து பத்தாம் இடத்தில் வலுப்பெறும், அடுத்த 15 பாகை நான்காம் இடத்தில் வலுப்பெறும் என்று ஜோதிடர் கணக்கிடும்போது, பாபிலோனின் எல்லைக் கல்லில் உள்ள அந்த உடலையே அவர் நடுவில் கோடிட்டுப் பிரிக்கிறார். எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் நெருக்கமான இடம் இதுதான்.

சீனாவுக்கு மகரம் சென்றது பௌத்த நூல்களின் வழியே. வடமொழி ‘மகர’ என்ற ஒலியையே அவர்கள் ‘மோஜியே’ என்று எழுதினார்கள். இன்றும் சீனர் கேப்ரிகார்னை அப்படித்தான் அழைக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு விலங்குகளில் ஒன்றான ஆட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆடு என்ற சொல்லைப் பார்த்து இரண்டையும் இணைத்துவிடக் கூடாது. சோங் காலத்துக் கவிஞர் சூ ஷி, தமக்கு முந்திய தாங் காலத்து எழுத்தாளர் ஹான் யூவுக்கு உடல் மனை மோஜியே என்றும், தமக்கு விதி மனையே மோஜியே என்றும் (இவை இரண்டும் சீன ஜாதகத்தின் முக்கிய இடங்கள்), இருவரும் வாழ்நாளெல்லாம் பழிச்சொல்லுக்கு ஆளானது அதனால்தான் போலும் என்றும் எழுதினார். அரசவையின் பகையால் ஹைனான் தீவு வரை நாடுகடத்தப்பட்டவர் அவர். அதன் பின் சீன எழுத்துலகில் மோஜியே என்பது அல்லலுறும் பிறவிக்கு அடையாளமாயிற்று. மேலைநாட்டுப் பலன் மகரத்துக்குச் சொல்லும் உழைத்து உச்சி ஏறும் குணத்தை இங்கே தேடினால் கிடைக்காது.

நான்காம் கேள்வி: ராசிநாதன் யார், ஏன்?

பாபிலோனிலிருந்து பிரிந்த மரபுகள் ஒன்றுகூடும் இடம் சனி. கிரேக்க முறையில் சூரியனுக்குச் சிம்மமும் சந்திரனுக்குக் கடகமும் வீடுகள். அவற்றிலிருந்து இருபுறமும் புதன், சுக்கிரன், செவ்வாய், குரு என்று வீடுகளைப் பங்கிட்டுக்கொண்டே போனால், சூரிய சந்திரரின் வீடுகளுக்கு நேர் எதிரே மகரமும் கும்பமும் சனிக்கு எஞ்சுகின்றன. அலெக்சாண்டிரியாவின் வானியலாளர் தாலமி இதற்குக் குளிரையும் ஒளியிலிருந்து உள்ள தொலைவையும் காரணமாகச் சொன்னார். நம் மரபிலும் அதே பங்கீடுதான். பரிபாடலின் 11-ஆம் பாட்டு, வையையில் வெள்ளம் வந்த வேளையின் கோள்நிலையைச் சொல்லும்போது, இந்த இரு ராசிகளையும் சனியின் வீட்டு இணையாகக் குறித்து, சனியை மகரத்திலேயே நிறுத்துகிறது. செவ்வாய்க்கு மகரத்தில் 28-ஆம் பாகை உச்சம் (மிக வலுப்பெறும் இடம்) என்பதும், உடலில் முழங்கால் மகரத்துக்கு உரியது என்பதும் இரு மரபுக்கும் பொது. குரு இங்கே நீசமாவது (மிக வலுவிழப்பது) நமக்கு 5-ஆம் பாகையில், அவர்களுக்கு 15-ஆம் பாகையில்.

நாதன் ஒருவரே என்றாலும் மணம் வேறு. வடக்கே மகரம் உறைபனியின் தொடக்கம். அதனால் அடக்கம், தனிமை, நீண்டகால உழைப்பு என்ற பொருள்கள் அங்கே ஊறின. நமக்கு மகரம் என்பது தை: புதுநெல், பொங்கல், உத்தராயண புண்ணியகாலம். கேரளத்தில் மாதத்தின் பெயரே மகரம். சபரிமலையின் மகரவிளக்கு அந்த மாதப் பிறப்பில்தான். சனியின் வீடு என்ற கடுமையும், தை பிறந்தது என்ற மங்கலமும் ஒரே ராசியில் சேர்ந்திருப்பதை விட்டுவிட்டு, மேலைநாட்டுக் குளிரை மட்டும் நம் மகரத்தின் மேல் போர்த்துவது சரியாகாது.

கடைசியாக, நாம் தொடங்கிய குழந்தையிடம் திரும்புவோம். மகர லக்னம் என்று நம் ஜாதகம் சொன்னதால், லக்னாதிபதி சனி எங்கே என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அன்று சனி நம் வட்டத்தில் மேஷத்தில் 16 பாகையைத் தாண்டி நின்றது. மேஷம் சனிக்கு நீச வீடு. மேலை வட்டத்தில் அதே சனி ரிஷபத்தில் 10 பாகையில் இருந்தது. அங்கே நீசம் என்ற பேச்சே இல்லை. எனவே ஒரு தாளில் இரண்டு பத்தி வரைந்து, இடப்பக்கம் நம் கணக்கில் வந்தவற்றையும் வலப்பக்கம் அவர்கள் கணக்கில் வந்தவற்றையும் தனித்தனியே எழுதுங்கள். இடப்பக்கத்துச் சனிக்கு இடப்பக்கத்து நூல்களின் பலனையும், வலப்பக்கத்துச் சூரியனுக்கு வலப்பக்கத்து நூல்களின் பலனையும் மட்டுமே அதனதன் கீழே குறித்துக்கொண்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.